மாதிரி விடை

எலெக்ட்ரானிக் சிட்டி
11 நவம்பர் 2024

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நீ வேலூரில் நர்சிங் படித்தபோது. அதற்குப் பிறகு நமக்குள் காகிதம் தேவைப்படவில்லை. இப்போது என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

நேற்று சர்ச்சில் பூசை முடிந்ததும் மர்பி டவுனுக்கு வந்தேன். குணசேகர் கதவைப் பாதி திறந்து, "அவ தூங்குறா, அப்புறமா வாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் உன் வீட்டுக்காரர் என்னை வாசலில் நிறுத்தியதில்லை. உள்ளே நீ பக்கத்து வீட்டம்மாவிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

விஷயம் சனிக்கிழமைதான் தெரிந்தது. அன்று பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்ட வகுப்பை முடித்துவிட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜாய்சன் என்று ஒரு மாணவர், நாற்பது வயது இருக்கும், போகாமல் நின்றார். "மேடம், நீங்க போன மாசம் குடுத்த இன்டர்னல் கொஸ்டின் பேப்பர் எங்க சூப்பிரண்டென்ட் டேபிள்ல இருக்கு. அல்போன்சா சிஸ்டரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றார். அவர் உன் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஏப்ரலில் நீ என்னிடம் சொன்னதை வைத்துத்தான் அந்தக் கேள்வியை அமைத்தேன். ஆனால் அதில் ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை. ஊரை மைசூர் என்று மாற்றினேன். நோயாளியின் வயதைப் பத்து வருஷம் கூட்டினேன். சட்டம் நடத்துகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நடந்த ஒன்றைக் கொடுத்தால்தான் ஆபரேஷனுக்கு நோயாளி தரும் ஒப்புதல் என்பது வெறும் கையெழுத்து இல்லை என்று மாணவர்களுக்குப் புரியும். சட்டப்படி பார்த்தால் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை.

சஸ்பென்ஷன் உத்தரவின் நகலை அனுப்பு. பதிலை நான் எழுதித் தருகிறேன். விசாரணையில் எதையும் ஒப்புக்கொள்ளாதே.

உன்,
ஐரின்


மர்பி டவுன்
19 நவம்பர் 2024

ஐரினுக்கு,

போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே எனக்குப் பதில் சொல்லி முடித்திருப்பாய். அதற்காகத்தான் எண்ணைத் தடுத்தேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் கடிதம் வந்ததற்கு முதல் நாளே விசாரணை முடிந்துவிட்டது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பிரண்டென்ட் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "படிங்க சிஸ்டர்" என்றார்.

படித்தேன். மைசூர் என்று பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் மார்ச் மாதம் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நடந்தது. கட்டி எடுக்க வந்த பெண். கத்தி தவறிப் பட்டு ரத்தம் நிற்காமல் போய், கர்ப்பப்பையையே எடுத்தது. அதை வீட்டாரிடம் சொல்லாமல் மறைத்தது. மதியம் இரண்டு இருபதுக்கு, இன்ஷூரன்ஸ் தாள் என்று சொல்லி அவள் புருஷனிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. நேரம் மட்டும் காலை எட்டு மணி என்று போட்டது. சாட்சியாகத் தியேட்டர் நர்ஸைக் கையெழுத்துப் போட வைத்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்: 'அவள் கை நடுங்கியதில், பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன.'

அந்தப் படிவமும் மேசையிலேயே இருந்தது. சூப்பிரண்டென்ட் ஒரு விரலைக் கேள்வித்தாளிலும் ஒரு விரலை என் கையெழுத்திலும் வைத்தார். நான் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

கை நடுங்கியதை நான் குணசேகரிடம்கூடச் சொன்னதில்லை. அல்சூர் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து உன்னிடம் மட்டும் சொன்னேன். "குடு பாக்கலாம், இன்னும் நடுங்குதா" என்று என் கையை வாங்கி உன் மடியில் வைத்துக்கொண்டாய். ஊரை மாற்றினாய், வயதை மாற்றினாய். என் கையை மட்டும் ஏன் அப்படியே விட்டாய்?

அடுத்து இன்னொரு தாளைத் தள்ளினார்கள். மாதிரி விடை. மாணவர்களுக்காகப் பல்கலைக்கழக வலைத்தளத்தில் நீயே ஏற்றியதாம். நர்ஸ் பொய் ஆவணத்துக்கு உடந்தை. டாக்டர் சொன்னதால் போட்டேன் என்பது தற்காப்பு ஆகாது. தெரிந்த உடனே எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காமல் மௌனமாக இருந்தது தனிக் குற்றம். அந்தக் கடைசி வரிக்கு இரண்டு மார்க் போட்டிருந்தாய்.

அன்று பெஞ்சில் நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இப்ப வாயத் திறக்காத அல்போன்சா. கையெழுத்து உன்னோடது, நீதான் மாட்டுவ. நடந்ததெல்லாம் எழுதி எங்கிட்ட குடு, பத்திரமா வச்சிருக்கேன். நேரம் வரும்போது பாத்துக்கலாம்." புகார்க் கடிதம் எழுதி என் பையில் வைத்திருந்தேன். நீ சொன்னதைக் கேட்டு உன் எதிரிலேயே கிழித்தேன்.

பத்தொன்பது வருஷ வேலை போய்விட்டது. நோயாளியின் ரகசியத்தை வெளியே சொன்னேன் என்று நீக்கியிருக்கிறார்கள். நர்சிங் கவுன்சிலுக்கும் புகார் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டருக்கு எதுவும் தெரியாதாம். காலையில் ஒப்புதல் வாங்க மறந்த நான், பயந்துபோய்ப் பின்னால் அந்தப் படிவத்தை நானே தயாரித்தேனாம். புகாரோடு உன் மாதிரி விடையையும் இணைத்திருக்கிறார்கள்.

எனக்கு நீ எதுவும் எழுதித் தர வேண்டாம்.

அல்போன்சா


எலெக்ட்ரானிக் சிட்டி
24 நவம்பர் 2024

அன்புள்ள அல்போன்சா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு பதில் தயாரானது, அடுத்த தடவை படித்தபோது அது நிற்கவில்லை.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஏன் உன் கையை அப்படியே விட்டேன் என்று.

நான் அங்கே எப்படி வேலை செய்கிறேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஆறு வருஷமாகப் போகிறேன். ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. யார் லீவோ அவர் இடத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மாணவர்கள் கொடுக்கும் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் அடுத்த தடவை கூப்பிடுவார்கள். போன வருஷம் துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஸ்டூடன்ட்ஸ் போர்னு எழுதியிருக்காங்க மேடம், கொஞ்சம் லைவ்வா பண்ணுங்க" என்றார். வார நாள் முழுதும் கோர்ட்டில் விபத்து வழக்குகளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான் நான் பேசுவதை யாராவது கேட்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒப்புதல் பாடம் வந்தது. அறுபது பேரில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் கதையை ஆரம்பித்தேன். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கியதைச் சொன்னபோது வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். அக்டோபரில் கேள்வித்தாள் அமைக்கும்போது அந்த வரியை விட மனசு வரவில்லை.

மாதிரி விடையைப் பற்றி ஒன்று சொல்ல விடு. அதில் இருப்பது சட்டம் சொல்வது. பெஞ்சில் நான் சொன்னது ஒரு சிநேகிதியாக, உனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில். இரண்டும் வேறு வேறு இடம்.

இதை எழுதிவிட்டுப் பார்த்தால் இதுவும் ஒரு வாதமாகத்தான் தெரிகிறது. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். கவுன்சிலில் உனக்காக நான் ஆஜராகிறேன். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதே.

ஐரின்


மர்பி டவுன்
3 டிசம்பர் 2024

ஐரின்,

ஜாய்சன் நேற்று வீட்டுக்கு வந்தார். கேக் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். உட்காரச் சொன்னேன். கேள்வித்தாளைக் கொண்டுபோய்க் காட்டியது தான்தான் என்றார். "ஃபைல் எல்லாம் எங்க ரூம்லதான் சிஸ்டர் இருக்கு. நான்தான் வெளிய சொன்னேன்னு என்னைப் பிடிப்பாங்கன்னு பயந்துட்டேன். ரெண்டு பிள்ளைங்க எனக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்து அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போகும்போது ஒன்று சொன்னார். ஜூலையில் முதல் வகுப்பில் நீ எல்லோரையும் எழுந்து நின்று பெயரும் வேலை இடமும் சொல்லச் சொன்னாயாம். அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும், "ஓ, அங்கயா, என் ஃப்ரெண்ட் ஒருத்தி அங்க தியேட்டர்ல இருக்கா" என்றாயாம்.

அப்போதுதான் உறைத்தது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே.

இதற்கு விளக்கம் வேண்டாம். ஏப்ரலில் உன்னிடம் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தைத் திருப்பி அனுப்பு. நடந்த மூன்றாம் வாரத்திலேயே தேதி, நேரம் போட்டு எழுதியது. கையெழுத்து யார் கேட்டு, எத்தனை மணிக்குப் போட்டேன் என்பது அதில் இருக்கிறது. என்னிடம் நகல் இல்லை. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அல்போன்சா


எலெக்ட்ரானிக் சிட்டி
15 டிசம்பர் 2024

அல்போன்சா,

பொய் சொன்னேன். ஜாய்சன் எங்கே வேலை செய்கிறார் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். கேள்வியை எழுதியபோதும் நினைவிருந்தது.

நீ விளக்கம் வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஊரையும் வயதையும் மாற்றியது போதும் என்று நினைத்ததாக என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் இதைப் படித்து, வெளியே தெரிந்துவிட்டதே என்று ஒரு நாளாவது பயப்படட்டும் என்று நினைத்தேன். புகார் கொடுக்காதே என்று உன்னைத் தடுத்தவள் நான். அது எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் எனக்கு ஆபத்தில்லாத இடத்தில் நின்றுகொண்டு அவர்கள் மேல் ஒரு கல் எறிந்தேன். நீ நடுவில் நிற்கிறாய் என்பதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ கேட்ட நாலு பக்கத்தைத் தேடினேன். ஜூனில் வீடு மாற்றியபோது பழைய காகிதங்கள் நிறையப் போய்விட்டன. அதோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் தேடிப் பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஐரின்


மர்பி டவுன்
12 ஜனவரி 2025

ஐரின்,

வியாழக்கிழமை ஒக்கலிபுரம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பெயர் வீணா. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லர். அட்மிஷன் அன்று எழுதிய விலாசம் எனக்கு மறக்கவில்லை. ரயில்வே பாலத்தைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "தியேட்டர் சிஸ்டர்தானே, வாங்க வாங்க" என்று பாய் போட்டாள். மயக்க மருந்து கொடுக்கும்போது நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேனாம். அதை அவள் மகளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது.

நான் ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள். "சிஸ்டர், கட்டி எடுத்ததால ஒரு வருஷத்துக்குத் தூரம் வராதுன்னாங்க. பத்து மாசம் ஆச்சு. இன்னும் ரெண்டு மாசம் பாக்கணுமா, இல்ல மாத்திரை ஏதாவது குடுப்பாங்களா? இன்னொரு குழந்தை வேணும்னு இவரு ஆசைப்படுறாரு."

சொன்னேன். நான் எப்படிச் சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அது உனக்கான விஷயம் இல்லை.

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புருஷன் உமேஷைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ எதுல கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டாள். "இன்ஷூரன்ஸ்னு சொன்னாங்க, இங்கிலீஷ்ல இருந்துச்சு" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

என் பக்கம் திரும்பி, "உயிரக் காப்பாத்தத்தான் எடுத்தாங்கன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் என்ன சண்டையா போட்டிருப்பேன்? நீங்க ஏன் சிஸ்டர் சொல்லல?" என்றாள்.

வக்கீல் ஒருத்தி சொல்ல வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பயந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். நீ சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் கேட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் இந்தப் பெண் மாதக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரு தடவைகூட அவளை நினைக்கவில்லை ஐரின். என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். வாசல் வரைக்கும் வந்து, "இனிமே வீட்டுக்கு வராதீங்க சிஸ்டர். கோர்ட்டுக்குக் கூப்பிட்டா வந்து இத அப்படியே சொல்லுங்க. அது போதும்" என்றாள். சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் போகிறாள். சிந்து என்று ஒரு சின்ன வயசு வக்கீல். என் கவுன்சில் விஷயத்தையும் அவள்தான் பார்க்கிறாள். உன் பெயரைச் சொன்னதும், "ஐரின் மேடமா? அவங்க கிளாஸ்ல உக்காந்துதான் இந்தக் கேஸ் எல்லாம் எடுக்கணும்னு தோணுச்சு" என்றாள். நீ செய்ததை எல்லாம் பிறகு சொன்னேன், அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

சிந்து கேட்பது இரண்டு. ஒன்று, அந்த நாலு பக்கம். நன்றாகத் தேடு. இரண்டாவது, புகார் கொடுக்காதே என்று என்னைத் தடுத்தது நீதான் என்று கவுன்சில் முன்னால் வந்து நீ சொல்ல வேண்டும். எனக்காக ஆஜராக வேண்டாம். சாட்சியாக வா.

அல்போன்சா


எலெக்ட்ரானிக் சிட்டி
20 ஜனவரி 2025

அல்போன்சா,

உன் கடிதம் கிடைத்தது. கொஞ்சம் அவகாசம் கொடு. நீ கேட்பது சின்ன விஷயம் இல்லை. நான் வந்து அதைச் சொன்னால் பார் கவுன்சில் என்னையும் கேட்கும். பல்கலைக்கழகம் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாது. யோசித்து எழுதுகிறேன்.

ஐரின்


எலெக்ட்ரானிக் சிட்டி
9 பிப்ரவரி 2025

அல்போன்சா,

இதோடு நாலு பக்கத்தையும் வைத்திருக்கிறேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

தொலையவில்லை. ஒரு நாளும் தொலைந்ததில்லை. ஒப்புதல் பாடத்துக்கான குறிப்புகளோடு அதே கோப்பில் இருந்தது. நீ முதலில் கேட்டபோதே எடுத்துப் பார்த்தேன். இது வெளியே வந்தால் நான் என்ன செய்தேன் என்பதற்கும் இதுதான் சாட்சி என்று தெரிந்தது. அதனால் தொலைந்துவிட்டது என்று எழுதினேன். கிழித்துவிடலாமா என்றும் ஒரு நாள் யோசித்தேன். நீ வீணாவைப் பற்றி எழுதிய பிறகும் மூன்று வாரம் வைத்திருந்தேன்.

ஓரங்களில் பென்சிலில் நான் எழுதிய குறிப்புகள் இருக்கும். அழிக்கத்தான் ரப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். சாட்சியத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான், அந்த அளவுக்காவது மிச்சம் இருக்கட்டும்.

நேற்று வகுப்பில் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தேன். இது ஒருவர் என்னை நம்பிச் சொன்னது, அவரிடம் கேட்காமல் உங்களுக்குக் கொடுத்தேன், அவருக்கு வேலை போயிற்று என்று சொன்னேன். ஜாய்சன் தலையைக் குனிந்துகொண்டார். ரித்விக் என்று ஒரு பையன் கையைத் தூக்கி, "அப்ப அந்த மாதிரி விடை தப்பா மேடம்?" என்று கேட்டான். "விடை சரிதான். அதை எழுதுற தகுதி எனக்கு இல்ல" என்றேன். மதியம் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று மாலையே மெயில் வந்துவிட்டது.

சாட்சி சொல்ல வருகிறேன். ஒன்று மட்டும் வேண்டும். நீ வக்காலத்து எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் வக்கீல் என்று நம்பி என்னிடம் சொன்னாய். உன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அதை நான் எங்கேயும் பேசக் கூடாது. ஒரு வரி எழுதி அனுப்பு.

ஐரின்


மர்பி டவுன்
17 பிப்ரவரி 2025

ஐரின்,

நாலு பக்கமும் கிடைத்தன. இரண்டாம் பக்கத்தில், கை நடுங்கிய இடத்தில், 'இது நல்லா இருக்கு, கேள்வியில் சேர்' என்று எழுதியிருக்கிறாய். தேதியும் போட்டிருக்கிறாய். ஏப்ரல் 21. நான் உன்னிடம் கொடுத்தது இருபதாம் தேதி.

ஆகஸ்டில் வகுப்பு கவனிக்காததால் சொன்னேன் என்று எழுதியிருந்தாய்.

நான் ஏப்ரல் மாதம் உன்னிடம் சொன்னதையும் நீ எனக்குச் சொன்னதையும் நர்சிங் கவுன்சில் முன்னாலும் நுகர்வோர் ஆணையத்திலும் நீ சொல்ல எனக்குச் சம்மதம். வேறு எங்கேயும் சொல்லச் சம்மதம் இல்லை.

அல்போன்சா


மர்பி டவுன்
22 ஜூன் 2025

ஐரின்,

கவுன்சில் முடிவு நேற்று வந்தது. உனக்குச் சிந்து சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். படிவத்தை நானே தயாரித்தேன் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. நாலு பக்கமும் நீ சொன்னதும் சேர்ந்து அதை உடைத்துவிட்டன. பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்காக ஆறு மாதம் என் நர்சிங் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். அதுவரைக்கும் வீட்டிலேயே இருக்கிறேன். டிசம்பருக்குப் பிறகு கோலாரில் ஒரு சின்ன கிளினிக்கில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீணாவின் வழக்கு ஆகஸ்டில் வருகிறது. பெரிய டாக்டருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவள் என்னோடு பேசுவதில்லை. சிந்து மூலமாகத் தேதி மட்டும் சொல்லி அனுப்புகிறாள்.

அன்று கவுன்சில் விசாரணையில் நீ எதையும் மழுப்பவில்லை. "புகார் கொடுக்காதேன்னு சொன்னது நான். அவங்க எழுதிக் குடுத்ததை அவங்களக் கேக்காம எடுத்துக்கிட்டது நான். கேட்டப்ப தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொன்னதும் நான்" என்றாய். உன் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அது கோர்ட்டில் பேசுகிற குரல் இல்லை. ஆஸ்பத்திரி வக்கீல் உன்னைப் பார்த்துச் சிரித்தபோதுகூட நீ திருப்பிக் கொடுக்கவில்லை. பார் கவுன்சிலில் இருந்து உனக்கு நோட்டீஸ் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

நீ சொன்னதெல்லாம் உண்மை. அதற்கு நன்றி சொல்ல எனக்கு வரவில்லை, முயற்சி செய்து பார்த்தேன்.

இதை எழுதுவது வேறொன்றுக்காக. கடைசியில் அந்த உறுப்பினர் அம்மா உன்னைக் கேட்டார், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று. "சிநேகிதி, முப்பது வருஷமா" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி அதையே கேட்டார். நான் "தெரிஞ்சவங்க" என்றேன். நீ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்த பிறகு லிஃப்ட் பக்கம் நிற்காமல் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாய்.

கோபத்தில் அப்படிச் சொன்னேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்று எனக்குக் கோபம் இல்லை. சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டதும், எந்த வார்த்தை சொன்னால் பொய்யாகாது என்று யோசித்தேன். அது ஒன்றுதான் இருந்தது.

அல்போன்சா